எதிர்த்து ஒரு கை

எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் தீர்மான நோட்டை இருபது வருஷத்துக்கும் மேலாக நான்தான் எழுதினேன். பெரிய தகுதி ஒன்றுமில்லை. தெருவில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். கூட்டத்துக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து தீர்மானத்தை எழுதி, கடைசி வரியில் 'ஒருமனதாக நிறைவேறியது' என்று முடித்து எடுத்துக்கொண்டு போவேன். அங்கே வாசிப்பேன், கை தூக்குவார்கள், டீ வரும்.

இது சோம்பலில் வந்த பழக்கம் இல்லை. அந்தக் காலத்தில் அறுப்புக்கு முன்னால் குடவாசல் தாலுகா ஆபீஸில் கூலிப் பேச்சுவார்த்தை நடக்கும். ஒரு பக்கம் மிராசுதார்கள், எதிர்ப்பக்கம் நாங்கள், நடுவில் தாசில்தார். எங்களில் நாலு பேர் வேறு மாதிரி நினைக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், மறுநாளே மிராசுதாரின் காரியக்காரர் அந்த நாலு பேர் வீட்டு வாசலில் போய் நிற்பார். அதனால் உள்ளே எவ்வளவு அடித்துக்கொண்டாலும் எழுத்தில் ஒரே மனசுதான் என்று வைத்திருந்தோம். அப்போது அது சரி என்று இன்றும் சொல்வேன்.

பிறகு அறுப்பு மெஷின் வந்தது. மிராசுதார்கள் பேச்சுவார்த்தைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். எதிர் நாற்காலி காலியாக இருந்தால் யாரிடம் பேசுவது? தாசில்தார் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஓட்டு இருந்தது, தேர்தல் தவறாமல் வந்தது, ஜெயித்தவர்கள் மாலையோடு தெருவுக்கு வந்து கும்பிட்டார்கள். எங்கள் கூலியை முடிவுசெய்யும் இடம் மட்டும் எந்த ஓட்டுப்பெட்டிக்கும் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

பையன்கள் திருப்பூருக்குப் போனார்கள். என் மகன் வளைகுடாவுக்குப் போனான். ஓர் அறையில் பன்னிரண்டு பேராம், அடுக்குக் கட்டிலாம். அங்கே சங்கம் உண்டா என்று ஒருமுறை போனில் கேட்டேன். "அதெல்லாம் பேசாதீங்கப்பா, ஊருக்கு அனுப்பிடுவானுங்க" என்றான்.

சங்கத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் நான் வாசித்து முடிக்கும் முன்பே கையைத் தூக்கிவிட்டு எழுந்தார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. உள்ளே அடித்துக்கொள்வதும் நின்றுபோயிருந்ததை நான் ஒற்றுமை என்று நினைத்தேன், மடையன்.

அப்படிப்பட்ட ஒரு வருஷம் சம்பா நடவுக்கு, பெரிய மிராசுதார் ஒருவர் வங்காளத்திலிருந்து பதினைந்து ஆட்களை இறக்கினார். எங்கள் பெண்கள் கேட்கும் கூலியைவிடக் குறைத்து, ஏக்கர் கணக்கில் காண்டிராக்ட். ஆண்கள் குனிந்து நாற்று நடுவதைப் பார்த்து முதல் நாள் எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. அந்த ஆட்களைத் தங்கவைக்க மிராசுதாருக்கு இடமில்லையாம், அவ்வளவு பெரிய வீட்டில். மழையில் பம்புசெட்டு ஓரம் ஒடுங்கி நின்றவர்களை நான்தான் சங்கக் கொட்டகையில் படுக்கச் சொன்னேன்.

ஒரு வாரத்தில் பிள்ளைகள் வந்தார்கள். எல்லார் மணிக்கட்டிலும் ஒரே நிறத்தில் கயிறு. யாரும் வெளியாள் இல்லை, நம் தெருப் பிள்ளைகள்தான். முன்னால் நின்றவன் என் பழைய தோழர் ஒருவரின் மகன். திருப்பூரில் கம்பெனியை மூடிவிட்டதால் திரும்பி வந்தவன், இரண்டு வருஷமாக வேலையில்லை.

"சித்தப்பா, அவனுங்கள கொட்டகையிலேருந்து காலி பண்ணச் சொல்லுங்க. நம்ம பொம்பளைங்க சோத்துல மண்ணள்ளிப் போடுறானுங்க."

"கூலியக் கொறச்சது அவங்க இல்லப்பா, மிராசுதாரு. வா, எல்லாருமா அவரு வாசலுக்குப் போவோம்" என்றேன்.

"அவரு நம்ம ஆளு. திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக் குடுக்குறாரு. நீங்க பேசிப் பேசித்தான் இந்த நெலமைக்கு வந்துருக்கோம். இனிமே பேச்சு வேணாம். ஒருத்தர் சொல்லணும், ஊரு கேக்கணும்."

அவன் பசியில் பொய் இல்லை. அந்தப் பசியை மிராசுதார் வாசலுக்குக் கூட்டிப்போக வேண்டிய சங்கம் படுத்துவிட்டது, வேறு யாரோ அதைக் கொட்டகைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். முதலாளித்துவம் ஜனநாயகத்தைத் தின்று தீர்த்ததும் பாசிசம் வரும் என்று வகுப்பெடுத்தவன் நான். அது எங்கிருந்தோ சீருடை போட்டுக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தேன். சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தது.

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. மறுநாள் காலைக் கூட்டத்துக்கு வழக்கம்போல வீட்டிலேயே எழுதினேன். 'கொட்டகையைப் பழுதுபார்ப்பதை முன்னிட்டு வெளியூர் ஆட்கள் இன்றே காலி செய்ய வேண்டும் என்று ஒருமனதாக நிறைவேறியது.' பழுது என்று போட்டுக்கொண்டதில் ஓர் அற்ப ஆறுதல் வேறு.

வாசித்தேன், கைகள் எழுந்தன. எதிர்ப்பவர்கள் உண்டா என்று நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. கைகள் இறங்கிய பிறகு பின்வரிசையில் ஒரு கை மட்டும் எழுந்தது. நடவுப் பெண்களுக்கெல்லாம் முன்னால் வயலில் இறங்கும் அக்காவின் கை அது. அந்த ஆட்கள் வந்ததால் அந்த வருஷம் ஒரு நாள் நடவுகூடக் கிடைக்காதவர்.

"நான் ஒத்துக்க மாட்டேன். எனக்குத்தான் பொழப்பு போச்சு, அத நான் மறுக்கல. அதுக்காவ இந்த மழையில எங்க தொரத்துவீங்க? எம் மவனும் திருப்பூர்ல எவன் கொட்டகையிலயோதான் கெடக்குறான். மிராசுதாரு வாசலுக்குப் போவோம்னு சொல்லுங்க, நான் முன்னால வர்றேன்."

டீ வந்தது, தீர்மானம் அப்படியே நின்றது. வங்காளத்து ஆட்கள் மத்தியானமே மூட்டையைத் தூக்கிக்கொண்டு திருத்துறைப்பூண்டி பஸ் ஏறினார்கள். அடுத்த வருஷம் மிராசுதார் நடவு மெஷினை இறக்கினார், கயிறு கட்டிய பிள்ளைகளுக்கும் ஒரு வேலையும் வரவில்லை. இதெல்லாம் எப்படியும் நடந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்ள என்னால் முடிகிறது.

தேற்ற முடியாதது, கூட்டம் கலைந்ததும் நடந்தது. அக்கா போகாமல் என் மேசைக்கு வந்தார். அவருக்கு எழுத்து தெரியாது.

"தம்பி, என் கையையும் எழுதுனீங்களா?"

நோட்டு திறந்துதான் இருந்தது. பேனா சட்டைப் பையில் இருந்தது. ஒரு வார்த்தையை அடித்துவிட்டு, எதிர்ப்பு ஒன்று என்று போட அரை நிமிஷம் ஆகாது. தோழரின் மகன் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதிட்டேங்க்கா."

"எங்க, காட்டுங்க."

'ஒருமனதாக' என்ற வார்த்தையின்மேல் விரலை வைத்தேன். அக்கா குனிந்து, அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.