ஒன்றும் மிதக்காத நாட்கள்

கடலைப் பார்க்க மதுரைக்காரர்கள் ராமேஸ்வரம் பஸ் ஏற வேண்டும். எங்களுக்கு அந்தச் சிரமமில்லை. அவ்வப்போது கடலே லீவு போட்டு ஆரப்பாளையத்துக்கு வந்து, எங்கள் கூடத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார்.

சம்பள வேலை போக, சம்பளமில்லாத வேலை ஒன்றும் அவருக்கு இருந்தது. ஓய்வு நேரத்தில் கப்பல் ஓரத்தில் நின்று, கடலில் மிதந்து போகும் குப்பையைப் பார்த்து, கடலை ஆராய்கிறவர்களுக்கு எழுதி அனுப்புவார். பாட்டில், அறுந்த வலை, ஒற்றைச் செருப்பு. எது, எங்கே, எப்போது என்று. பல தேசத்துக் கப்பல்காரர்களும் தாமாகவே இப்படி எழுதுவார்களாம். “குப்பையைப் பாக்கவா இவனைப் படிக்க வச்சோம்?” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கோ அதைவிடப் பெரிய உத்தியோகம் உலகத்தில் கிடையாது.

அந்த முறை மாமா லீவில் வந்தபோது அவர் மனைவி, என் அத்தை, நிறைமாதமாக இருந்தாள். அவளுக்குத் தாய் இல்லாததால் பிரசவம் எங்கள் வீட்டில்தான். குழந்தை பிறப்பதற்குள் மாமா கப்பலேற வேண்டியிருந்தது. ஏறிவிட்டால் மனுஷனிடமிருந்து லேசில் ஒரு சேதி வராது. கேட்டால், “சொல்ல என்ன இருக்கு, எங்க பாத்தாலும் தண்ணி” என்பார். அத்தை சண்டை போடவில்லை. அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் அணையைத் திறந்தார்கள். வைகையில் தண்ணீர் வந்தால் அதுவே எங்களுக்குத் திருவிழா. கடல் வேலையைக் கற்றுத் தருவதாகச் சொல்லி மாமா என்னைப் பாலத்துக்குக் கூட்டிப்போனார். சட்டம் எல்லாம் பலமாக இருந்தது. தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் பேசக் கூடாது. ஒன்றும் வராவிட்டால் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதியே ஆக வேண்டும்.

“ஒண்ணும் இல்லாததை எதுக்கு மாமா எழுதணும்?”

“பாத்தேன், ஒண்ணும் இல்லைங்கறதும், பாக்கவே இல்லைங்கறதும் ஒண்ணா பாப்பா? எழுதாட்டி அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

வார் அறுந்த செருப்பை என் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பக்கத்துத் தண்ணீரைப் பார்க்க மாமா சாலையைத் தாண்டி எதிர்ப் பக்கக் கைப்பிடிச் சுவருக்குப் போனார்.

நான் தண்ணீரையே பார்த்தேன். எதிர்காற்றில் கண்ணில் நீர் கொட்டியது. ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “என்னம்மா பாக்குற?” என்றார். சட்டப்படி வாயைத் திறக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். “அய்யய்யோ!” என்று கத்தினார்.

அவ்வளவுதான். நம்ம ஊரில் கூட்டம் சேர வெற்றிலை பாக்கா வைக்க வேண்டும்? குதித்தவர் சட்டை நீலம் என்றார் ஒருவர். கை தூக்கியதைத் தானே பார்த்ததாகச் சொன்னார் இன்னொருவர். எங்கள் தெரு இஸ்திரிக்காரர் என்னை அடையாளம் கண்டு வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். மாமாவும் சட்டப்படி திரும்பவே இல்லை. சத்தம் பொறுக்காமல் கடைசியில் வெறுங்காலோடு வந்து, “என்னண்ணே, யாரும் விழுந்துட்டாங்களா?” என்று கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்து நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அத்தை இறங்கினாள். மாமாவைப் பார்த்ததும் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆள் முழுசாக இருப்பது தெரிந்ததும் கூட்டம் சலித்துக்கொண்டு கலைந்தது.

நடந்ததை நான்தான் சொன்னேன், சட்டங்கள் உட்பட. அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“யாருன்னே தெரியாதவங்களுக்கு, ஒண்ணும் இல்லைன்னாலும் எழுதுறீங்க. நான் எம்புட்டு நாள் போனையே பாத்துக்கிட்டுக் கெடந்திருக்கேன்? எனக்கும் அப்படி எழுதுங்க. தினம் எழுதணும்.”

மாமா அத்தையின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். செருப்பைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஏறினேன்.

மாமா கப்பலேறிய பிறகு தினமும் அத்தையின் போனுக்குச் சேதி வந்தது. ‘இன்னைக்கு ஒண்ணும் இல்ல.’ அதைப் பார்த்த பிறகுதான் அத்தை சாப்பிட உட்காருவாள். பெண் குழந்தை பிறந்தது. பிறகு எங்கோ புயல் என்றார்கள், சேதி நின்றுபோனது. அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா மெழுகுவத்தியும் ஜெபமாலையுமாக வேதக்கோயிலுக்கும் வீட்டுக்குமாக நடந்தாள்.

ஒரு மத்தியானம், விடுபட்ட நாட்களின் சேதியெல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது. அத்தை தொட்டிலை ஆட்டிக்கொண்டே குழந்தைக்கு ஒவ்வொன்றாக வாசித்தாள். “இன்னைக்கு ஒண்ணும் இல்ல. இன்னைக்கும் ஒண்ணும் இல்ல…” வாசிக்க வாசிக்க அவளுக்குக் கண்ணீர் கொட்டியது.

எனக்கு மாமா மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்புட்டுப் பெரிய கடலில் இத்தனை நாளாக ஒரு பாட்டில்கூடக் கண்ணில் படாத மனுஷனைக் கட்டிக்கொண்டு, பாவம், அத்தை அழாமல் என்ன செய்வாள்?