தெற்குக் கையில் அப்பா

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் ஊர் மாதா கோயில் வாசலில் தொன்னையில் கேசரி கொடுத்தார்கள். யாரோ பேரனுக்குப் புதுநன்மை, பூசையில் முதல் தடவை அப்பம் வாங்குகிற நாள். நெய்யும் ஏலக்காயும் கலந்த அந்த வாசனை வந்தாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இனிப்புக்கு நான் எதிரி இல்லை, என்னைப் பார்த்தாலே தெரியும். கேசரி மட்டும் ஆகாது.

கேசரி என்றால் எனக்குப் பழைய கோயில் ஞாபகம். பாகூரிலிருந்து கிருமாம்பாக்கம் போகும் வழியில் சின்ன ஊர் எங்களுடையது. சுற்றிலும் நெல்லும் கரும்பும். பழைய கோயில் சிலுவை வடிவில் இருந்தது. நடுவில் பெஞ்சு போட்டு எங்கள் வகையறா. தெற்கே நீட்டிக்கொண்டிருக்கும் கையில், பாய் விரித்து, காலனி சனங்கள். அவர்களுக்குத் தனி வாசல். நாங்கள் நன்மை வாங்கி முடித்த பிறகுதான் அவர்கள் வரிசை நகரும். இதையெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பெரிய வியாழனன்று, ஏசு சீடர்களுக்குச் செய்தது போல, சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். பன்னிரண்டு பேரும் எங்கள் ஆட்களாகத்தான் இருப்பார்கள். அப்பாவும் அதில் ஒருவர். அழுக்குக் காலைச் சாமியாரிடம் நீட்டலாமா என்று, வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போகிற மனிதர். ஒரு வருஷம், சாமியார் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் வந்த நேரம் அப்பா எழுந்துவிட்டார். நேரே தெற்குக் கைக்குப் போய், எங்கள் கழனியில் வேலை செய்யும் அந்தோணியிடம், "வாப்பா, என் நாக்காலில ஒக்காரு" என்றார்.

அந்தோணிக்கு முகம் வெளிறிவிட்டது. "வேணாங்க. நாளைக்கும் நாங்க இதே ஊர்ல இருந்தாவணும்."

அப்பா அவரை வற்புறுத்தவில்லை. தானும் அந்தப் பாயிலேயே உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏசு ஆளு பாத்தா கால கழுவுனாரு?" என்று அப்பா ஒரே வார்த்தைதான் கேட்டார். அன்றிலிருந்து அவர் நடுவில் வந்து உட்காரவே இல்லை.

வீரம் என்றால் கத்திச் சண்டை என்று நான் நினைத்திருந்த வயசு. அப்பா வெறுமனே இடம் மாறி உட்கார்ந்தார். அதற்கே பெரியப்பா பேச்சை நிறுத்தினார். நல்லது கெட்டதுக்கு எங்களைக் கூப்பிடுவது நின்றது. தெற்குக் கையிலும் அவரை யாரும் கொண்டாடவில்லை. இவரால் என்ன வம்பு வருமோ என்று நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தோணியே ஓர் ஆள் இடம் விட்டுத்தான் உட்காருவார். நடுவில் பெண்கள் வரிசையிலிருந்து பார்த்தால், தூண் ஓரமாக அப்பாவின் வெள்ளைச் சட்டை தனியாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், பூசை முடிந்துவிடும்.

அக்காவுக்கு வரன் அமைந்தது அப்போதுதான். கடலூர்ப் பக்கம், எங்கள் வகையறா. அவளுக்கும் பிடித்திருந்தது. போட்டோவைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்துவிட்டு, அப்படியே வீட்டுக்கு வந்து பேசி முடிப்பதாக மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். அம்மா காலையிலேயே கேசரி கிளறி வைத்துவிட்டு அப்பாவிடம் வந்து அழுதாள்.

"இன்னிக்கி ஒரு நாளு நடுவுல ஒக்காருயா. சாமி இன்னா கோச்சிக்கவா போவுது?"

அப்பா அக்காவைக் கூப்பிட்டார். "நீ சொல்லும்மா. நீ சொன்னா ஒக்கார்றேன்."

அக்கா தலையில் பூவை வைத்து முடித்தாள். பிறகு, "எப்பவும் ஒக்கார்ற எடத்துலயே ஒக்காருப்பா. இன்னிக்கி எழுந்து வந்துட்டா அந்தோணி அண்ணன் இன்னா நெனைக்கும்?" என்றாள்.

பூசையில் மாப்பிள்ளை வீட்டார் தெற்குக் கையில் அப்பாவைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் மீதியைக் காதில் சொன்னார்கள். பூசை முடிந்ததும் வீட்டுப் பக்கம் வராமலே கிருமாம்பாக்கம் போய் பஸ் ஏறிவிட்டார்கள். கேசரி அப்படியே இருந்தது. வீணாகக் கூடாதே என்று நான்தான் தின்றேன், வாந்தி எடுக்கும் வரை. அக்கா ஒரு வாய் வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவளும் தெற்குக் கைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளைக் கேட்டு யாரும் வரவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பழைய கோயிலை இடித்துவிட்டுப் பெரிய மண்டபமாகக் கட்டிவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள். யாரும் எங்கேயும் உட்காரலாம். எனக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம். தெற்குக் கை இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். பாகூரில் நர்ஸாக இருக்கும் அக்கா, தன் ஸ்கூட்டியை அங்கேதான் நிறுத்துவாள்.

போன ஞாயிறு நாங்கள் தொன்னையோடு அங்கே நின்றிருந்தபோது புதுச் சாமியார் வந்தார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. "அக்கா, நீங்க கன்னியர் மடத்துக்குப் போகணும்னு ஆசைப்பட்டீங்களாமே? அதனாலதான் கல்யாணம் பண்ணிக்கலியாமே?" என்று கேட்டார். ஊரில் இப்போது அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அக்கா சிரித்து வைத்தாள்.

அவர் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. "ஏங்க்கா, நடந்தத சொல்றதுதான?"

அக்கா தன் கேசரியை முடித்துவிட்டு என் தொன்னையையும் வாங்கிக்கொண்டாள். வண்டிகளுக்கு நடுவே தரையை ஒரு தரம் பார்த்தாள்.

"இன்னான்னுடி சொல்றது? அப்பா இங்க ஒக்காந்தாருன்னா, ஒக்காந்தா இன்னான்னு கேக்கும் அந்தப் புள்ள. காட்டறதுக்கு அந்தத் தெக்குக் கை செவுருகூட இல்லியே."