இரண்டு ஊருக்கும் வரி கட்டிய பூமிநாதன்

என் தம்பி பூமிநாதனை அந்நியன் என்று அரசாங்கம் சொன்னபோது அவன் திருகோணமலை டொக்யாட்டில், வெள்ளைக்காரர் கப்பலுக்குக் கித்தான் தைத்துக்கொண்டிருந்தான். பிறந்தது பெரியகடைக்குப் பின்னால் உள்ள வீட்டில். நீந்தப் பழகியது உட்துறைமுகத்தில். அப்பா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து டொக்யாட் வேலைக்கு வந்தவர் என்பதே எங்கள் குற்றம். சுதந்திரம் கிடைத்த கையோடு வந்த சட்டம், அப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. பிள்ளை எங்கே பிறந்தான் என்று கேட்க அதற்கு நேரம் இருக்கவில்லை.

எனக்கு அந்தத் தொல்லை வரவில்லை. தம்பலகாமத்துத் தவராசாவைக் கட்டியிருந்ததால், அவருடைய பிரசாவுரிமையின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் பதிந்துகொண்டேன். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே கிணற்றில் குளித்த இரண்டு பேரில் ஒருத்தி வீட்டுக்காரி, மற்றவன் விருந்தாளி. இதைக் கண்டுபிடித்தவர்கள் படித்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு இந்தக் கணக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

தம்பியின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் தோற்பட்டையை மாட்டி, மூன்று பட்டை ஊசியால் அவன் இழுக்கும் தையல் மழையிலும் விடாது, உப்புக்காற்றிலும் விடாது. கப்பலின் மேல்தட்டுக்கு நிழற்கூரை தைக்க அவனையே கேட்டு ஆள் அனுப்புவார்கள். தம்பி என்பதால் புகழ்கிறேன் என்று நினைப்பவர்கள், சல்லிக் கடற்கரையில் இன்னும் இரண்டொரு வள்ளத்தில் அவன் தைத்த பாய் இருக்கிறது, போய் இழுத்துப் பார்க்கட்டும்.

கை அப்படி. புத்தி வேறு மாதிரி. அப்பாவின் ஊரில் தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. குடும்பத் தலைவன் ஒவ்வொருவனும் கோயிலுக்குக் கட்ட வேண்டும். கட்டினவனைத் திருவிழாவில் எல்லாரும் கேட்கப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திருநீறு கொடுப்பார்கள். கட்டாதவன் ஊரில் இல்லாதவன். அப்பா செத்த பிறகு அந்த வரியைத் தம்பி பிடித்துக்கொண்டான். அந்த ஊரை அவன் கண்டது ஒரே ஒரு தடவை. மொட்டையடிக்கப் போய், வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்தான். ஆனாலும் ஆடி மாதம் பிறந்தால், கப்பலேறுகிறவன் எவனையாவது தேடிப் பிடித்துக் காசைக் கொடுத்துவிடுவான்.

இந்திய வம்சாவளியினர் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். தம்பி விண்ணப்பித்தான். வருஷக்கணக்காகக் காத்திருந்த பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னர் தம்பி ஆலோசனை கேட்கப் போனது கனகசுந்தரத்திடம். கந்தோரில் கிளாக்காக இருந்து இளைப்பாறியவர். சாய்மனைக் கதிரையில் படுத்தபடி, ஊருக்கெல்லாம் இங்கிலிஸில் பெட்டிசன் எழுதிக் கொடுப்பார். அவர் எழுதிய பெட்டிசனால் காரியம் நடந்த ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

"வரி கட்டுறவனை ஒரு அரசாங்கமும் கைவிடாது, தம்பி. அதை நல்லா அழுத்திச் சொல்லுங்கோ," என்றார் அவர்.

சாட்சி சொல்ல நானும் போனேன். விசாரிக்கிறவர் தமிழ் தெரியாதவர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர் நின்றார்.

"இங்கேயே நிரந்தரமாக இருக்க விருப்பமா?"

"ஓம் ஐயா. வேற எங்க போறது?"

"வரி ஏதும் கட்டுகிறீரா?"

"அப்பா விட்ட கடைத் துண்டுக்கு நகரசபையில சோலைவரி கட்டுறனான். சைக்கிளுக்கும் லைசன்ஸ் எடுத்தனான். ஒண்டும் பாக்கி இல்லை, ஐயா."

விசாரிக்கிறவர் தலையை ஆட்டினார். முகத்தில் இரக்கம்கூட ஓடியது. பேனையை மூடப் போனார். அந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் என் தம்பி இலங்கையனாகியிருப்பான். ஆனால் அழுத்திச் சொல்லச் சொல்லி இருக்கிறாரே கனகசுந்தரம்!

"இது மட்டுமில்லை ஐயா. இந்தியாவிலயும் எங்கட கோயிலுக்குத் தலைக்கட்டு வரி ஒரு வருஷமும் விட்டதில்லை."

நான் மேசைக்குக் கீழே அவனுடைய காலை மிதித்தேன்.

"என்னக்கா, காலை மிதிக்கிறாய்?" என்று அறை முழுக்கக் கேட்கக் கேட்டான்.

மொழிபெயர்ப்பாளர் அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்தவர். இதை மட்டும் ஒரு சொல் சிந்தாமல் மொழிபெயர்த்தார். பேனை திரும்பவும் திறந்தது.

இந்தியாவோடு நிலையான தொடர்பு உள்ளவர், இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் இல்லாதவர் என்று முடிவு வந்தது. செய்தி கேட்ட கனகசுந்தரம், "மேன்முறையீடு எழுதுவம்," என்றார். அவருடைய கதிரையைத் தூக்கி அவர் தலையில் போடலாம் என்று எனக்கு வந்தது. என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்கு அடுத்த வருஷம் வெள்ளைக்காரர் டொக்யாட்டைக் கையளித்துவிட்டுப் போனார்கள். அந்நியருக்கு அங்கே வேலை இல்லை என்றானது. தம்பி, அப்பா வாங்கி விட்ட கடைத் துண்டில் லொறிகளை மூடும் படங்கு தைக்க உட்கார்ந்தான். தற்காலிக வதிவிட அனுமதி என்று ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். அது முடிய முடியப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். பிறகு அதற்கு விசா வரி என்று ஒன்றும் போட்டார்கள். பிறந்த ஊரில் மூச்சு விடுவதற்கு வாடகை. கலியாணம் பேச வந்தவர்கள் எல்லாரும் சாதகத்தைப் பார்க்க முதல் அந்தக் காகிதத்தைப் பார்த்தார்கள். தற்காலிக மாப்பிள்ளைக்கு நிரந்தரமாகப் பெண் கொடுக்க எவனும் துணியவில்லை.

கிண்ணியாவிலிருந்து மரம் ஏற்றும் ஆதம்பாவா மட்டும் கடைக்கு வந்து இதைப் பகிடியாக்குவார்.

"வெளிநாட்டுத் துரை, படங்கு முடிஞ்சுதா? கப்பலேற முந்தித் தந்துட்டுப் போங்க."

"உங்கட லொறி ஓடுற மட்டும் நான் போகமாட்டன், முதலாளி. அதுக்குப் படங்கில்லை, பாடைதான் கட்டவேணும்."

சிரிப்பார்கள். ஆதம்பாவா போனதும் தம்பியின் முகம் அணைந்துவிடும்.

"அந்தக் கோயில் வரியை நிப்பாட்டு," என்று நான் சொல்லாத ஆடி இல்லை. "ஒரு நாளும் இருக்காத ஊருக்கு என்னத்துக்குக் கட்டுறாய்?"

"இஞ்ச நான் இல்லை எண்டு எழுதிப்போட்டினம். அங்க நிப்பாட்டினா அங்கயும் இல்லை. ரெண்டு இடத்திலயும் பேரில்லாதவனை என்னெண்டக்கா கூப்பிடுறது?"

"கழுதை எண்டு கூப்பிடுறது," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் தம்பியின் அனுமதியை இனி நீடிக்க ஏலாது என்று சொன்னார்கள். தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேற வேண்டும்.

அந்தக் கடைத் துண்டை வாங்கப் பலர் வந்தார்கள். தவித்த முயலை அடிக்கிற விலைதான் கேட்டார்கள். அவன் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ரயில்வே ஸ்டேசனில் சாவியை என் கையில் வைத்தான்.

"சோலைவரியை என்ட பேரிலேயே கட்டு, அக்கா. பேரை மட்டும் மாத்திப்போடாதே."

"வரியால ஒருக்காக் கெட்டது காணாதே உனக்கு?"

"நகரசபையில பேரைக் கூப்பிட்டுத்தானே ரசீதுத் துண்டு தருவினம்," என்றான். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

அங்கே போனதும் எழுதினான். திருவிழாவில் பேரைக் கூப்பிட்டார்களாம். எல்லாரையும் கூப்பிட்டு முடித்து, கடைசியாக, "சிலோன்காரன் பூமிநாதன்" என்று. திருநீறு தட்டில் மிஞ்சியிருந்ததாம். அதை ஒரு பெருமையாக எழுதியிருந்தான். இத்தனை வருஷம் கடல் கடந்து போன காசுக்கு அந்த ஊர் கொடுத்த மரியாதை, தட்டில் ஒட்டியிருந்த தூள்.

தாயகம் திரும்பியவர்களுக்குத் தொழிற்கடன் கொடுக்கிறார்கள் என்று ஒரு கந்தோருக்குப் போயிருக்கிறான். சிலோனில் ஏதாவது விட்டுவிட்டு வந்தீரா என்று கேட்டிருக்கிறார்கள். திருகோணமலையில் கடை இருக்கிறது, வரி பாக்கி இல்லாமல் கட்டி வருகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறான். வெளிநாட்டில் சொத்து உள்ளவருக்குக் கடன் இல்லையாம். இப்போது தூத்துக்குடியில் யாரோ ஒருவருடைய கடையில் கூலிக்குப் படங்கு தைக்கிறான். காலை மிதிக்க அங்கே அக்கா இல்லை. இருந்தாலும் பிரயோசனம் இல்லை. கடிதத்தின் அடியில், "சோலைவரி கட்டியாச்சா?" என்று கேட்டிருந்தான்.

போன கிழமை கட்டப் போனேன். கவுண்டரில் புதிதாக ஒரு பொடியன், நல்லாய்ப் படித்தவன் போல இருந்தான்.

"அம்மா, இவர் இந்தியாவுக்குப் போனவர்தானே? ஆளே இல்லை. உங்கட பேருக்கு மாத்தி விடுவம்."

"ஆள் இல்லாட்டி வரி என்னத்துக்குத் தம்பி? காசைத் திருப்பித் தாங்கோ."

அவன் என்னைப் பார்த்தான். காசைப் பார்த்தான். காசை எடுத்துக்கொண்டான். ஆளைத் துரத்தலாம், வரியைத் துரத்த எந்த அரசாங்கத்துக்கு மனம் வரும்? சுவரோரத்து வாங்குப் பலகையில் போய் இருக்கச் சொன்னான். இருந்தேன். என்னைச் சுற்றி ஊர்ச் சனம். பெரியகடைக்காரர், உப்புவெளிக்காரர் எல்லாரும் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் ரசீதுத் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பினான்.

"பூமிநாதன்! ஆர் பூமிநாதன்?"

"ஓம்," என்று சொல்லி நான் எழும்பினேன்.