போகிக்குத் தப்பிய பி.எம்.டபிள்யூ

நைனார்பாளையத்தில் மாமனாரின் பழைய பி.எம்.டபிள்யூ பைக் மாட்டுக்கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. போகிக்குள் ஓடாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்றான் மைத்துனன். கள்ளக்குறிச்சி வீட்டுக்குக் கொண்டுவந்து நானும் மனைவியும் அதைப் பிரித்துச் சரிசெய்தோம். கார்புரேட்டர்களைக் கழுவிப் பூட்டியது அவள்தான்.

போகியன்று காலை இன்ஜின் ஓடியது. ஆனால் வண்டியே உதறியது. மைத்துனன் சரக்கு ஆட்டோவோடு வந்து நின்றான்.

"இன்னாக்கா, ஜுரம் வந்த மாதிரி நடுங்குது? ஏத்திடலாமா?"

"செத்த சும்மா இருடா."

அவள் வண்டிக்குப் பின்னால் குந்தி, இரண்டு சைலன்சருக்கும் நேராக உள்ளங்கைகளைப் பிடித்தாள். இரண்டிலிருந்தும் புகை ஒரே வேகத்தில் வந்தால்தான் இரண்டு சிலிண்டரும் சமமாக உழைக்கின்றன என்று அர்த்தம்.

"வலது பக்கம் கம்மியா அடிக்குதுங்க."

அந்தப் பக்கத்து கார்புரேட்டர் திருகைத் திருப்பினேன்.

"இப்ப ஜாஸ்தி. கொஞ்சம் இறக்குங்க."

இறக்கினேன். உதறல் நின்றது. இன்ஜின் நிதானமாக ஓடியது. மைத்துனன் குனிந்து இன்ஜினையே பார்த்தான்.

"இன்னாடா பாக்கற? ஆட்டோவ திருப்பிக்கினு போ" என்றாள்.

பொங்கல் கழிந்து இருவரும் அந்த வண்டியிலேயே கல்வராயன் மலை ஏறினோம். வெள்ளிமலை டீக்கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "எந்த மெக்கானிக் சார் செஞ்சது?" என்று கேட்டார்கள். பின்சீட்டில் இருந்தவளைக் காட்டினேன். அதுவரை எதையும் நான் அவ்வளவு பெருமையாகக் காட்டியதில்லை.