அம்மாவின் கண்ணில் படிந்த ஒட்டுப்பால்

முருகப்பெருமான் கருணையால் அம்மாவின் முதலாமாண்டு திதிக்கு வந்திருந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவுகளுக்கும், போர்ட் பிளேயர் டெய்ரி ஃபார்ம் பகுதி அக்கம்பக்கத்தாருக்கும், கச்சல் தீவிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்களுக்கும் என் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பஸ் ஓட்டுகிறவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

“பிறந்தது, கல்யாணம், கஷ்டம், கடைசி நாள் என்று வரிசையா எழுதுண்ணே” என்று தங்கை சொன்னாள். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அம்மாவை நினைத்த உடனே அவர் கண் ஆபரேஷன்தான் முன்னால் வந்து நிற்கிறது. கூடவே சிரிப்பும் வருகிறது. அம்மாவே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த கதை அது. ஆகவே மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

அம்மா பிறந்தது இலங்கை மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில். பதினாறு வயதில் பெற்றோரோடும் ஒரே தம்பியோடும் கப்பல் ஏறி இந்தியா வந்தார். அங்கிருந்து இன்னொரு கப்பலில் நிக்கோபார் பக்கம் இருக்கும் கச்சல் தீவுக்கு, ரப்பர் தோட்ட வேலைக்கு. கொழுந்து பறித்த கையில் பால் வெட்டும் கத்தியைக் கொடுத்தார்கள். அடுத்த வரிசையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்தான் எங்கள் அப்பா. நானும் தங்கையும் அங்கேதான் பிறந்தோம். சுனாமி அன்று அப்பாவைக் கடல் எடுத்துக்கொண்டது. அம்மா பதினாறு நாள் அழுதார். பதினேழாம் நாள் கத்தியைச் சாணை பிடித்தார். கிடைத்த வேலையெல்லாம் செய்து தங்கை கல்யாணத்தை முடித்த பிறகுதான் என்னோடு போர்ட் பிளேயர் வரச் சம்மதித்தார். இதற்கு மேல் கஷ்டத்தை எழுதினால் அம்மா என்னைத் திட்டுவார்.

ரப்பர் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரப்பட்டையில் கத்தியால் கீறினால் பால் வடிந்து கப்பில் சேரும். கீறலிலேயே தங்கிவிடும் பால் மறுநாளைக்குள் ஒரு நாடா மாதிரி காய்ந்துவிடும். அதற்குப் பெயர் ஒட்டுப்பால். அதை உரித்துவிட்டுத்தான் புதுக் கீறல் போட வேண்டும். நன்றாகக் காய்ந்திருந்தால் ஒரே இழுப்பில் முழுதாக வரும். பச்சையில் இழுத்தால் பிய்ந்து பட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அம்மா அதை அறுபடாமல் இழுப்பதில் பெயர் பெற்றவர்.

போர்ட் பிளேயர் வந்து பல வருடம் கழித்து அம்மாவின் பார்வை மங்க ஆரம்பித்தது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றார். நிலா ரெண்டாக இருக்கிறது என்றார். வெயிலில் வெளியே போனால் கண் கூசியது. கழுவிய டம்ளரில் சோப்பு நுரை அப்படியே இருக்கும். கண் பரிசோதனை முகாமில் பார்த்துவிட்டு, கண்புரை, ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். கருவிழி நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்திருக்கிறது. திரும்பி என்னிடம் சொன்னார்:

“அட, ஒட்டுப்பாலுடா தம்பி! காயட்டும். காஞ்சா ஒரே இழுப்புல வந்துரும். பச்சையில இழுத்தா கண்ணும் சேந்துல்ல வரும்?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? டாக்டரிடம் கேட்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். நானும் பால் வெட்டுகிறவர் வயிற்றில் பிறந்தவன்தானே. சரிதான் என்று தலையாட்டினேன். இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

ஒருநாள் அம்மா முருங்கைக்காய் நறுக்கும்போது விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டார். நல்ல ஆழமான வெட்டு. கட்டுப் போட்டுவிட்ட என் மனைவி, பயத்தில் கத்தியை எடுத்து அலமாரி மேல் ஒளித்துவிட்டாள். அன்று வீட்டில் நடந்த பேச்சு இது.

“முந்நூறு மரம் வெட்டுன கையி. மூணு முருங்கைக்காய வெட்ட விடமாட்டியாடி நீ?”

“முருங்கைக்காய வெட்டுங்க அத்தை, யாரு வேணாம்னா? வெரல ஏன் வெட்டுறீங்க?”

“என் வெரலு, நான் வெட்டுவேன்!”

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அம்மா போய் நாற்காலியில் உட்கார்ந்தவர் மூன்று நாள் எந்த வேலைக்கும் எழவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், சாப்பிட்டார், போனார். யார் கையையும் எதிர்பார்க்காமல் எங்களை ஆளாக்கிய மனுஷி. “வேலை செய்யாத கைக்கு எதுக்கு சோறு” என்று மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. கண் போவதைவிட அந்தக் கத்தி போனதுதான் அவருக்குப் பெரிய இழப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தங்கை வந்தாள். “காஞ்சது போதும், எந்திரிம்மா ஆஸ்பத்திரிக்கு” என்றாள்.

“வர்றேன். திரும்பி வந்தா கத்தியக் குடுக்கச் சொல்லு ஒன் அண்ணிய.”

“குடுக்குறேன் அத்தை. முருகன் மேல சத்தியம்” என்றாள் என் மனைவி.

டாக்டர் இந்திக்காரர், பொறுமைசாலி. விளக்கு வைத்த கருவியில் பார்த்துவிட்டு, “அரே மாஜி, இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க?” என்று இந்தியில் கேட்டார். தீவு இந்தியில் அம்மா யாருக்கும் சளைத்தவர் இல்லை. ஒட்டுப்பால் கணக்கை முழுதாகச் சொன்னார். சீக்கிரம் உறைய ரப்பர் பாலில் ஊற்றுவது மாதிரி ஒரு சொட்டு ஆசிட் விட்டால் ஆகாதா என்றும் கேட்டார். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. மரத்தில் எப்படி வெட்டுவீர்கள், கப் எங்கே இருக்கும் என்றெல்லாம் கேட்டு, பிறகு சொன்னார்:

“இது கீறல்ல ஒட்டின பால் இல்ல மாஜி. கப்புக்குள்ள இருக்கிற பாலே உறைஞ்சுபோச்சு. கண்ணுக்குள்ள கண்ணாடி மாதிரி ஒரு வில்லை இருக்கு. வயசானா அது கலங்கும். மேல உரிக்க ஒண்ணும் இல்ல. சின்னதா ஒரு துளை போட்டு, உறைஞ்சத உடைச்சு எடுத்துட்டு, அதே கப்புல புது வில்லை வைப்போம். காயவிட்டா கல்லாயிடும், உடைக்கிறது கஷ்டம். கண்ணுல அழுத்தம் ஏறினா பார்வையே போகலாம்.”

அம்மா கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “அப்ப ரெண்டு வருஷமா தப்பாத்தான் காத்துக்கெடந்தேனா?” என்றார். பிறகு, “இப்ப எடுத்தா தெரியுமா?” என்றார். கண்ணின் பின்பக்கமும் நன்றாக இருந்தால் தெரியும், பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர். சோதனை முடியும்வரை நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முருகனைக் கூப்பிட்ட மாதிரி என் வாழ்நாளில் கூப்பிட்டதில்லை. பின்பக்கம் நன்றாகவே இருந்தது.

சர்க்கரை, பிரஷர் பார்த்தார்கள். எந்த அளவில் வில்லை வைப்பது என்று கண்ணை அளந்தார்கள். முதலில் ஒரு கண்ணுக்கு மட்டும். ஆபரேஷன் அன்று சொட்டு மருந்து மேல் சொட்டு மருந்து. கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள், மயக்கம் கொடுக்கவில்லை. உள்ளே நடந்தது அம்மா சொல்லித்தான் தெரியும். முகத்தைத் துணியால் மூடினார்களாம். பளிச்சென்று ஒரு வெளிச்சம், தண்ணீர் ஓடுகிற மாதிரி சத்தம், அவ்வளவுதான், வலியே இல்லையாம். அம்மா “முருகா முருகா” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். டாக்டர், “மாஜி, முருகன்கிட்ட மனசுக்குள்ள பேசுங்க. உங்க தாடை ஆடினா கண்ணும் ஆடுது” என்றாராம். இருபது நிமிடத்தில் கண்ணில் மூடியோடு வெளியே வந்து, “டீ இருக்கா?” என்றார்.

மறுநாள் மூடியை எடுத்தார்கள். அம்மா கண்ணைச் சிமிட்டினார். முதலில் என் சட்டையைப் பார்த்தார்.

“இது வெள்ளைச் சட்டையாடா? நான் காவின்னுல்ல நெனச்சேன்!” அப்புறம் மருமகளைப் பார்த்தார். “ஏன்டி இப்படி எளச்சுப்போயிட்ட?”

“ஒங்களப் பாத்துக்கிட்டதுலதான் அத்தை” என்றாள் அவள். சிரித்தபடியே சொன்னவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சாமி கும்பிடப் போன அம்மா, “ஐயையோ!” என்று கத்தினார். அந்த வருடத் தொடக்கத்தில் முருகன் காலண்டரைக் கழற்றிவிட்டு, டயர் கடைக்காரர் கொடுத்ததை நான் மாட்டியிருந்தேன். அதில் பெரிய மீசையோடு ஒருவர் டயரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அம்மா தினமும் பூ வைத்தது அவருக்கு. கீழே மாடத்திலிருக்கும் சாமி படத்துக்கு வைக்க வேண்டிய பூவைக் கை தவறி மேலே செருகுகிறார் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

“இத்தன மாசமா இந்த மீசைக்காரனையாடா கும்பிட்டேன்?” என்றவர், கொஞ்சம் யோசித்து, “சரி, கேட்ட கண்ணு கெடச்சிருச்சே. முருகன் எந்த முகவரிக்குப் போட்டாலும் வாங்கிக்குவான்” என்று விபூதி பூசிக்கொண்டார்.

ஒரு மாதத்துக்கு மேல் வேளை தவறாமல் சொட்டு மருந்து. கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கசக்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. கொஞ்சம் உறுத்தலாம், நீர் வடியலாம், பயப்பட வேண்டாம்; வலித்தாலோ சிவந்தாலோ பார்வை மங்கினாலோ உடனே ஓடிவாருங்கள் என்றார்கள். அப்படி எதுவும் வரவில்லை. கிட்டத்தில் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி தேவைப்பட்டது. அடுப்படிக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, என் மனைவியே கத்தியை எடுத்து அம்மா கையில் வைத்தாள். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார்.

மற்ற கண்ணுக்கு நாங்கள் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மாவே டாக்டரிடம் போய், “இதப் பச்சையிலயே எடுத்துருங்க” என்றார்.

அதற்குப் பிறகுதான் தன் தம்பியை, எங்கள் மாமாவை, நினைத்தார். மாமா கச்சலிலேயே தங்கிவிட்டவர். போன் போட்டால், “எனக்கும் மங்கலாத்தான் இருக்குக்கா. ஒட்டுப்பாலுதானே, காயட்டும்” என்றார். அங்கே பழைய ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. என்னை லீவு போடவிடாமல் தனியாகக் கப்பல் ஏறினார். கச்சலில் இறங்கும்போது கப்பல்காரப் பையன் “ஹாத் தோ, மாஜி” என்று கை நீட்டினானாம். “சோடோ பேட்டா, விடுப்பா, படி நல்லாத் தெரியுது” என்று சொல்லிவிட்டு இறங்கினாராம். அந்தப் படிகளைச் சொல்லும்போது மட்டும் அம்மா சிரிக்கமாட்டார். அப்பா போன கடலை அத்தனை தெளிவாகப் பார்த்தது அன்றுதான் என்பார்.

திரும்பும்போது மாமாவோடு இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாலு பேருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, சொட்டு மருந்து, திட்டு எல்லாம். நாலு பேரும் நல்ல கண்ணோடு ஊர் திரும்பினார்கள்.

போன வருடம் ஒரு காலையில் சாமி கும்பிட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்த அம்மா, ஆஸ்பத்திரி போவதற்குள் முருகன் காலடிக்குப் போய்விட்டார். அன்று ஓடிவந்து தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், என்னோடு பஸ் ஓட்டும் நண்பர்களுக்கும், அம்மாவின் கண்ணைத் திறந்த டாக்டருக்கும் நர்ஸம்மாவுக்கும், ஒரு வேளை மருந்தையும் தவறவிடாத என் மனைவிக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய தங்கைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் வீட்டில் யாராவது கண்புரை முற்றட்டும் என்று காத்திருந்தால், நாளைக்கே அழைத்துப் போங்கள். அதுதான் அம்மாவுக்குச் செய்கிற மரியாதை.

கடைசி நன்றி மாமாவுக்கு. கண்ணை டாக்டரிடம் காட்டிவிட்டுப் போக வந்து அந்த வாரம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். வாய்க்கரிசி போடும்போது எல்லாரும் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தோம். மாமா மட்டும் குனியவில்லை. போட்டுவிட்டு நகராமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் தங்கை அவர் தோளைத் தொட்டாள். மாமா திரும்பாமலே சொன்னார்:

“இரும்மா. அக்கா கப்பல் ஏறி வந்து இழுத்துக்கிட்டுப் போய் வாங்கிக் குடுத்த கண்ணு. அவ மொகத்த நல்லாப் பாத்துக்கிறேன்.”