ஸ்டாம்பு ஒட்டிப் போன முகங்கள்

தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்காருகிறவருக்குச் சம்பளம் ஸ்டாம்பு விற்கத்தான்; ஆனால் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் வீட்டுக் கதையையும் சேர்த்து இறக்கி வைத்துவிட்டுத்தான் போவார்கள். பசை தடவியே விரல் தோல் உரிந்துபோன என் இனத்தாருக்கு இது புரியும்.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்தது திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போகிற வழியில் ஒரு சின்ன ஆபீஸ். நானும் தபால்காரர் முத்தையா அண்ணனும்தான். எதிரே ஆரோக்கியம் அண்ணனின் போட்டோ ஸ்டூடியோ. அவரிடம் பழைய தடித்த போட்டோ பேப்பர் கட்டுக்கட்டாக இருந்தது. முன்பக்கம் படம் விழும். பின்பக்கம் விலாசத்துக்குக் கோடும் ஸ்டாம்புக்குக் கட்டமும் அச்சடித்திருக்கும். கவர் வேண்டாம். ஆளே நேராகத் தபாலில் போகலாம்.

பம்பாய்க்குப் போன பிள்ளை

செல்வி மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிப்பவள். புருஷன் பம்பாயில் முறுக்குக் கம்பெனியில் வேலை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே போனவர், லீவு கிடைக்காமல் அங்கேயே கிடந்தார். பிள்ளைக்குக் கழுத்து நின்றதும் செல்வி ஆரோக்கியம் அண்ணனிடம் படம் எடுத்து, ஈரம் காய்ந்தும் காயாமலும் என்னிடம் கொண்டுவந்தாள்.

விலாசம் எழுதிக் கொடுத்து, ஸ்டாம்பு ஒட்டி, முத்திரைக் கட்டையை ஓங்கினேன். கம்பிக்குள் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “மெதுவாக் குத்துங்கக்கா. பெத்த அப்பாவே இன்னும் அவனைத் தொட்டுப் பாக்கல.”

திரும்பி வந்த கார்டு

ராமசாமி ஐயா சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி. ஒரே மகள். அவள் வேறு சாதிப் பையனோடு திருப்பூருக்குப் போனதும், மகள் செத்துவிட்டாள் என்று ஊரில் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் அவளிடமிருந்து ஒரு படக் கார்டு வந்தது. நாற்காலியில் மகள், மடியில் குழந்தை. முத்தையா அண்ணன் கொண்டுபோய் நீட்டினார். ராமசாமி ஐயா வாசலிலேயே நின்று, வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அனுப்பியவருக்கே திருப்ப வேண்டியதுதான்.

சாயங்காலம் தபால் பை கட்டுகிற நேரத்தில் சைக்கிளில் வந்து இறங்கினார். “அந்தக் கார்டு போயிருச்சாம்மா?” என்றார். இல்லை என்றேன். “செத்த நேரம் காட்டுங்க.” கம்பியோடு சேர்த்துப் பிடித்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். முத்தையா அண்ணன் பையின் வாயைக் கட்டாமல் சும்மா நின்றார். “பேரன் உங்க சாடைதாய்யா,” என்றேன். அவர் பேரனைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

“கழுத்தெலும்பு தெரியுது. சரியாச் சாப்பிடறதில்ல போலிருக்கு,” என்றார். முகத்தைத் துண்டால் துடைத்தார். “சரிம்மா, திருப்பி அனுப்பிருங்க.”

அனுப்புநர்

கலாவுக்குக் கீரனூர்ப் பக்கம் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை தன் படத்தைக் கார்டாகத் தபாலில் போட்டிருந்தார். பழனித் திருவிழா போட்டோக் கடையில் எடுத்த படம். அதை அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் முத்தையா அண்ணன்தான். பிறகு வந்து பார்த்தார்கள், பூ வைத்தார்கள், தேதி குறித்தார்கள். கல்யாணத்துக்குச் சில வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை ஓட்டிப்போன டிராக்டர் வரப்பில் கவிழ்ந்து ஆள் போய்விட்டார்.

கருமாதி முடிந்ததும் அவர் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் கலா வீட்டுக்கு வந்தாராம். “அம்மிணி, சாமி கும்பிட அவன் படம் ஒண்ணுகூட வீட்டுல இல்லைங்க. எடுத்தது அந்த ஒண்ணுதானுங்க,” என்றாராம். அவரிடமே கொடுத்தனுப்பியிருக்கலாம். கலாவால் அன்றைக்கு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே என் கவுண்டருக்கு வந்தாள். இரண்டு அட்டைக்கு நடுவில் படத்தை வைத்து, கவரில் போட்டுத் தைத்தே கொண்டுவந்திருந்தாள். “மடங்காமப் போகுமாக்கா?” என்று கேட்டாள். ரிஜிஸ்தர் செய்தால் பத்திரமாகப் போகும் என்றேன்.

ரிஜிஸ்தர் என்றால் அனுப்புநர் விலாசம் எழுத வேண்டும். பேனா கொடுத்தேன். ‘கலா’ என்று எழுதிவிட்டு நின்றுவிட்டாள். அப்பா பெயரோ வீட்டுக்காரர் பெயரோ எழுதும்மா என்றேன், எல்லாரிடமும் சொல்கிற பழக்கத்தில். அவள் கவரைத் தடவிக்கொண்டே இருந்தாள். “அவுக வீட்டுல பிரிச்சுப் பாக்குறப்ப, நான் யாருன்னு போட்டுருக்கணும்க்கா? நான் அவுகளுக்கு ஒண்ணும் ஆகலையே.”

கிணற்றில் விழுந்த போன்

முதலில் எஸ்.டி.டி. பூத் வந்தது, ரெண்டாயிரத்துக்குப் பிறகு செல்போன். கவுண்டரில் ஈ ஓட்டினேன். சேமிப்புக் கணக்கு விஷயமாக வந்த ஒரு தக்காளி விவசாயி முகம் வாடியிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். “மோட்டார் போடக் குனிஞ்சேன், போன் கெணத்துல விழுந்துருச்சு. எங்கப்பா கடைசியாச் சிரிச்ச படம் அதுலதான் இருந்துச்சு.”

வாங்காமல் விட்ட படங்கள்

ஆரோக்கியம் அண்ணன் ஸ்டூடியோவை மூடியபோது, எடுத்துவிட்டு வாங்க வராமல் போனவர்களின் படங்களை ஒரு பையில் கொண்டுவந்தார். “எரிக்க மனசு வரல தங்கச்சி. உங்களுக்கு எல்லா வீடும் தெரியுமே,” என்றார். மத்தியானம் முழுக்க மூன்று பேரும் மேஜையில் பரப்பி வைத்து அடையாளம் சொன்னோம். இவர் இறந்துவிட்டார், இந்தக் குடும்பம் நாகல் நகருக்குப் போய்விட்டது, இந்தப் பெண்ணுக்கு இப்போது பேத்தியே இருக்கிறாள். தெரிந்த விலாசத்துக்கெல்லாம் ஆரோக்கியம் அண்ணன் தன் செலவில் ஸ்டாம்பு ஒட்டினார். படம் கைக்குக் கிடைத்தவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரே ஒருவர்தான் வந்தார். சந்தையில் காய்கறி ஏலம் போட்ட வேலுச்சாமி. கையில் கார்டு. அவரும் அவர் மனைவியும் புதுத் துணியில் விறைப்பாக நிற்கிற படம். மனைவி இறந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. அவர் கோபப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். “நல்ல மனசுலதான் அனுப்பியிருக்கீக, தெரியுது,” என்றார். பிறகு எழுந்து நின்று சொன்னார்: “ஒத்தையில சோறு திங்க இப்பத்தான் பழகியிருந்தேன்.”

ஊரார் முகங்களுக்கெல்லாம் ஸ்டாம்பு ஒட்டி வழியனுப்பிய எனக்கு, ஆபீஸ் ஞாபகமாக மிஞ்சியது பென்ஷன் புத்தகத்தில் அழப்போகிற மாதிரி பார்க்கிற பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றுதான்.