எண் மட்டும் மிஞ்சிய தோட்டங்கள்

2010-இல் சுருளிப்பட்டிப் பக்கத்துத் திராட்சை விவசாயிகளுக்காக ஒரு மென்பொருள் எழுதினேன். தரவுத்தளத்தில் தோட்டத்துக்கு ஓர் ஆவணம். அட்டவணைபோல் கட்டங்கள் கிடையாது. எந்தத் தோட்டத்துக்கு எது உண்டோ அதை எழுதிக்கொள்ளலாம். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன்.

ஒருநாள் எல்லா ஆவணங்களிலும் செல்போன் எண்ணைச் சேர்க்க, பைத்தான் நிரல்மொழியில் நான்கு வரி எழுதி ஓட்டினேன். 'இதை மட்டும் மாற்று' என்று சொல்லும் ஒரு சொல்லை விட்டுவிட்டேன். தரவுத்தளம் பழையதையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டது. பெயர், கொடியை வெட்டிவிட்ட கவாத்துத் தேதி, அடித்த மருந்து எதுவும் இல்லை. நகலும் எடுத்து வைக்கவில்லை.

வேறு வழியின்றி முதல் எண்ணை அழைத்தேன். ஒரு பெண் பேசினார். நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

"கம்ப்யூட்டர்லதான போச்சு? தோட்டம் இங்கனதான இருக்கு. எழுதிக்கிருங்க தம்பி" என்று சிரித்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "கெழக்குப் பந்தல்ல தண்ணி நிக்கும். அங்கனதான் நோயி மொதல்ல விழும்" என்றார்.

"இத ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீக? வெவரம் எழுத நீங்க குடுத்த பேப்பர்ல அஞ்சு கட்டந்தான இருந்துச்சு!"

கட்டமே இல்லாத தரவுத்தளத்துக்குக் கட்டம் போட்டவன் நான்தான்.

மீதி எண்களை அழைக்க மூன்று நாள் ஆனது. "ஒங்க தோட்டத்தப் பத்திச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன். எந்த இரண்டு ஆவணமும் ஒன்றுபோல் வரவில்லை. அதைப் பார்த்தபோது வந்த நிறைவு இன்னும் குறையவில்லை.